பழைய காரின் என்ஜினும் ஆறு மாத உரிமையும்

1972 ஜூலை மாதம் இங்கிலாந்தில் ஓர் இளைஞர் ஒரு பழைய ஜாகுவார் கார் வாங்கினார். 1964-ஆம் வருடத்து வண்டி. விலை 390 பவுண்டு. மீட்டரில் 82,165 மைல். விற்றது ஷானன் மோட்டார் கம்பெனி, கார் விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். வாங்குவதற்கு முன் அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டியும் பார்த்தார். அரசு விதித்த சாலைத் தகுதிச் சோதனையிலும் வண்டி தேறியிருந்தது. மூன்று வாரம் குறையில்லாமல் ஓடியது. 2,354 மைல் கடந்த நிலையில் ஒரு நாள் சாலையிலேயே என்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. ரிப்பேர் செய்யும் நிலையில் அது இல்லை. வேறு என்ஜின்தான் மாற்ற வேண்டியிருந்தது.

எட்டு வருடம் பழைய வண்டி, எண்பதாயிரம் மைலுக்கு மேல் ஓடியது, வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது, பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்றது விற்றவர் தரப்பு. இந்தப் பதிலை நம் ஊரிலும் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய பலர் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு மெக்கானிக்குக் காசு எண்ணிக் கொடுத்திருப்பார்கள். அந்த இளைஞர் நீதிமன்றத்துக்குப் போனார், வென்றார். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அங்கும் அவர்தான் வென்றார்.

இன்று பிரிட்டனில் ஒரு டீலரிடம் பழைய கார் வாங்கி, ஆறு மாதத்துக்குள் என்ஜின் போனால், அந்தப் பழுது வண்டி கைமாறிய நாளிலேயே உள்ளே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் அதை டீலர்தான் நிரூபிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் வழியும் உண்டு. படிக்க எளிதாக இருக்கும் இந்த உரிமை உருவாக நானூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை காலமும் நடந்த சண்டை ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: பொருளுக்குள் மறைந்திருந்த குறையை யார் நிரூபிக்க வேண்டும்?

கார் விஷயத்தில் இந்தக் கேள்வி என்ஜினில் வந்து முட்டுவதற்குக் காரணம் உண்டு. டயர் தேய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். பெயின்ட் அடித்து மறைத்த அடியை விரலால் தடவியே கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் பானை வாங்குபவர் தட்டிப் பார்த்து வாங்குவது போல என்ஜினைத் தட்டிப் பார்க்க முடியாது. கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுகிறது. அதற்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமுடியை விட மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. பம்ப் அழுத்தத்தோடு ஆயிலை அனுப்பும் வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. பேரிங் தேயத் தேய இடைவெளி கூடும், ஆயில் அந்த வழியாகக் கசிந்து ஓடும், அழுத்தம் குறையும். ஒரு கட்டத்தில் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். சூடேறி, பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ளும். நிற்பதற்குச் சில விநாடி போதும். அந்த விநாடி வருவதற்கான தேய்மானம் பல்லாயிரம் மைல் நடந்திருக்கும். கெட்டியான ஆயில் ஊற்றினால் தட்டும் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

பழைய ஆங்கிலச் சட்டத்துக்கு இந்தத் தெரியாமை ஒரு பொருட்டே அல்ல. 1603-இல் லண்டனில் முடிவான வழக்கு ஒன்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. விஷமுறிவுக் கல் என்று சொல்லி ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லை 100 பவுண்டுக்கு விற்றார். ஆடுமாடு வயிற்றில் உண்டாகும் பெசோவார் கல்லுக்கு மருத்துவ சக்தி உண்டு என்று நம்பிய காலம் அது. வாங்கியவருக்குக் கிடைத்தது அந்தக் கல்லே இல்லை. ஆனாலும் தோற்றது வாங்கியவர்தான். விற்றவர் அது பெசோவார் என்று சொன்னாரே தவிர, அதற்கு நான் பொறுப்பு என்று உறுதி கொடுக்கவில்லை என்றது நீதிமன்றம். உறுதியை வாய்விட்டுக் கேட்டு வாங்காதவருக்கு நஷ்டம் அவரோடுதான். வாங்குகிறவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற இந்த விதிதான் அடுத்த இருநூறு வருடம் ஆண்டது.

அதில் முதல் விரிசல் பட்டுக் கழிவில் விழுந்தது. 1815-இல் ஒருவர் பார்க்காமலேயே பட்டுக் கழிவு மூட்டைகளை வாங்கினார். வந்து சேர்ந்த சரக்கை அந்தப் பெயரில் யாரும் விற்க முடியாது, அவ்வளவு மட்டம். தலைமை நீதிபதி எல்லன்பரோ வாங்கியவர் பக்கம் நின்றார். பார்க்க வாய்ப்பில்லாமல் வாங்கும் ஒருவர், குப்பையில் கொட்டுவதற்காகப் பணம் கொடுப்பதாக யாரும் நினைக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். விற்கிறவர் ஒரு வார்த்தையும் உறுதி சொல்லாவிட்டாலும், சந்தையில் அந்தப் பெயரில் விலைபோகும் தரமாவது இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பேரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கப்பலில் கடல்நீர் பட்டுக் கெட்ட மணிலா நார் பற்றிய 1868 வழக்கு இதை இன்னும் உறுதியாக்கியது. வாங்கியவர்கள் இரண்டு வழக்கிலும் வியாபாரிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும் சாதாரண மனிதர் இன்னும் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

இந்தத் தீர்ப்புகளை எல்லாம் ஒரே சட்டமாக வடித்தவர் மெக்கன்ஸி சால்மர்ஸ். இளமையில் சில வருடம் இந்திய சிவில் சர்வீஸில் இருந்தவர், பின்னாளில் வைஸ்ராய் ஆலோசனைக் குழுவின் சட்ட உறுப்பினராக மறுபடி இந்தியா வந்தவர். அவர் வரைந்த 1893 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில்தான் நம் கதையின் விதை இருக்கிறது. பொருள் எதற்காகத் தேவை என்று தெரிந்து, தொழிலாக விற்பவர் விற்றால் அந்தப் பயனுக்கு அது நியாயமாகத் தகுந்ததாக இருக்க வேண்டும். விற்பனைக்குரிய தரத்திலும் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் இவை எழுதியதாகவே கொள்ளப்படும். கார் என்பதையே பிரிட்டனில் அநேகமாக யாரும் கண்டிராத வருடத்தில் இந்த வரிகள் எழுதப்பட்டன. மூன்று வருடத்தில், 1896-இல், இலங்கையில் இதே வரிகள் சட்டமாயின. 1930-இல் இந்தியாவில் 16-ஆம் பிரிவாக வந்தன.

அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு, இந்த உறுதிகளை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ளலாம் என்றது. வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையே அது நியாயமாக இருக்கலாம். கார் விற்பனை பெருகியதும் டீலர்களும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் இந்த ஒரு பிரிவை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அச்சடித்த படிவத்தின் அடியில், வண்டியின் வயது, நிலை, சாலையில் ஓடும் தகுதி எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி. வாங்குபவர் கையெழுத்திட்டால் 14-ஆம் பிரிவு அந்த நிமிடமே காணாமல் போகும். பேசி விலக்குவதற்கு அங்கே பேச்சே நடப்பதில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 1956-இல் வந்த கார்சேல்ஸ் வழக்கு காட்டியது. ஒருவர் பழைய ப்யூக் கார் ஒன்றைப் பார்த்தார், நன்றாக ஓடிய வண்டி, பிடித்துப்போனது. ஃபைனான்ஸில் தவணைக்கு எடுக்கக் கையெழுத்திட்டார். ஒரு வாரம் கழித்து இரவோடு இரவாக அந்த வண்டியை இழுத்து வந்து அவர் இடத்தின் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். நல்ல டயர்கள் போய்த் தேய்ந்த டயர்கள் மாட்டியிருந்தன. ரேடியோ இல்லை. சிலிண்டர் ஹெட் கழன்று கிடந்தது, வால்வுகள் எல்லாம் எரிந்திருந்தன, இரண்டு பிஸ்டன் உடைந்திருந்தன. வண்டி நகரவே இல்லை. அவர் ஏற்க மறுத்தார். தவணையைக் கேட்டு வழக்குப் போட்டவர்கள், எதற்கும் பொறுப்பல்ல என்ற அந்த அச்சடித்த வரியைக் காட்டினார்கள். முதல் நீதிமன்றத்தில் அவர்கள் வாதம் எடுபட்டது. மேல்முறையீட்டில் நீதிபதி டென்னிங்கும் உடனிருந்த நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. ஓடாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, கார் கொடுத்தேன் என்று எந்த வரியின் பின்னாலும் ஒளிய முடியாது என்றார்கள்.

நியாயமான முடிவு. ஆனால் இப்படி ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதிகள் வளைத்து வளைத்து நியாயம் தேட வேண்டியிருந்ததே, அது சட்டத்தின் குறை. 1962-இல் மலோனி குழு தன் அறிக்கையில் இந்த விலக்கு வரிகளைக் கடுமையாகக் கண்டித்தது. பாராளுமன்றம் அசைவதற்கு இன்னும் பதினோரு வருடம் ஆயிற்று. 1973 சட்டம்தான், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சாதாரண மக்களிடம் இந்த உறுதிகளை எந்த வரியும் விலக்க முடியாது என்று முடித்து வைத்தது. 1976-இல் இன்னொரு படி: வாடிக்கையாளரின் சட்ட உரிமை இல்லாதது போலக் காட்டும் போர்டுகளைக் கடையில் மாட்டுவதே குற்றமாயிற்று. பழைய கார் விற்பவர்களிடமிருந்து முதன்முதலாகப் பறிக்கப்பட்ட ஆயுதம் அந்த அச்சடித்த வரிதான். அது இருக்கும் வரை மற்ற எந்த உரிமைக்கும் அர்த்தமில்லை.

இனி வாங்கியவர் முன்னால் நின்றது நிரூபணம் என்ற மலை. வண்டி இன்று கெட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். விற்ற அன்றே கெட்டிருந்தது என்பதை எப்படிக் காட்டுவது?

ஷானன் நிறுவனத்தின் மேல்முறையீடு வந்ததும் இதே டென்னிங் முன்தான். அவர் அதற்கு முன்பே 1965-இல் இன்னொரு பழைய ஜாகுவார் வழக்கை விசாரித்திருந்தார். சிட்னி மார்கஸ் நிறுவனம் விற்ற வண்டி. கிளட்சில் கோளாறு இருப்பதை விற்கும்போதே சொல்லியிருந்தார்கள். நாங்களே சரிசெய்து தந்தால் ஒரு விலை, நீங்களே பார்த்துக்கொண்டால் 25 பவுண்டு குறைவு என்றார்கள். வாங்கியவர் குறைந்த விலைக்கு எடுத்தார். பிறகு பார்த்தால் செலவு நினைத்ததை விட அதிகம். அவர் தோற்றார். பழைய வண்டி குறையில்லாமல் இருக்காது, ஓட்டும் நிலையில் இருந்தால் போதும், குறைகள் இன்றோ நாளையோ தலைகாட்டத்தான் செய்யும் என்பது அந்தத் தீர்ப்பு. முதலில் சொன்ன ஜாகுவார் வழக்கில் ஷானன் நிறுவனம் கையில் எடுத்துக்கொண்டு வந்தது இதைத்தான். விற்றபோது ஓடியது, சோதனையில் தேறியது, பிறகு எங்களுக்கென்ன?

வண்டி 1972-இல் விற்றதால் 1973 சட்டம் அதற்குப் பொருந்தாது. சால்மர்ஸின் பழைய வரிகளை வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். டென்னிங் சொன்னதன் சாரம் இது: சாலையில் ஓடத் தகுந்த வண்டி என்றால் விற்கும் அந்த நிமிடத்தில் ஓடினால் போதாது. நியாயமான காலத்துக்கு ஓட வேண்டும். வாங்கிய கொஞ்ச நாளிலேயே என்ஜின் உடைந்துபோனால், அந்த உடைவே விற்ற அன்று வண்டி தகுதியாக இல்லை என்பதற்குச் சாட்சி.

பின்னால் வந்ததெல்லாம் இந்த ஒரு யோசனையிலிருந்து முளைத்தது என்றே நினைக்கிறேன். அதுவரை விற்ற நாளின் நிலையை விற்ற நாளின் சான்றுகளை வைத்தே பேசினார்கள். மூன்று வாரம் கழித்து நடந்த ஒன்று, மூன்று வாரத்துக்கு முன் இருந்ததைக் காட்டும் என்று அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. என்ஜின் தேயும் விதத்தை அறிந்தவர்களுக்கு இது புதிது இல்லை. ஒரு பேரிங் 2,354 மைலில் புதிதாகத் தேய்ந்து உருகிவிடாது. மெக்கானிக்கின் அறிவு சட்டத்துக்குள் நுழைந்தது அந்த இடத்தில்தான்.

அந்த இளைஞருக்கு இன்னொரு துணையும் கிடைத்தது. வண்டியை நிறுவனத்துக்கு விற்ற முந்தைய உரிமையாளர் சாட்சிக்கு வந்தார். தான் விற்கும்போதே என்ஜின் தேய்ந்து போயிருந்தது தனக்குத் தெரியும் என்றார். இதை யோசித்துப் பார்க்கிறேன். இளைஞர் அவரிடமே நேரடியாக வாங்கியிருந்தால், உண்மை தெரிந்திருந்த அந்த மனிதர் மீது 14-ஆம் பிரிவு பாய்ந்திருக்காது, ஏனென்றால் அவர் கார் வியாபாரி அல்ல. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாத வரை தனி மனிதர் வாய் திறக்கவே தேவையில்லை. நிறுவனத்துக்குக் குறை தெரியுமா தெரியாதா என்பதோ கேள்வியே இல்லை. தெரியாவிட்டாலும் பொறுப்பு அதற்குத்தான். இது சரியான ஏற்பாடு என்பேன். லிஃப்ட்டில் ஏற்றி, ஆயில் பிரஷர் பார்த்து, கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கும் வசதி டீலரிடம் உண்டு. பத்து வண்டியில் ஒன்று மோசமானால் அந்த நஷ்டத்தை மற்ற ஒன்பதின் விலையில் பரப்பிக்கொள்ளவும் அவரால் முடியும். தன் சேமிப்பை எல்லாம் ஒரே வண்டியில் போட்டவருக்கு அந்த வழி இல்லை.

ஆனாலும் எல்லோருக்கும் அப்படி ஒரு முந்தைய உரிமையாளர் கிடைக்க மாட்டார். நிபுணரை அமர்த்தி என்ஜினைப் பிரித்துப் பார்க்கும் செலவே பல பழைய வண்டிகளின் விலையில் ஒரு பெரிய பங்கு.

கால அவகாசத்திலும் சட்டம் கல்நெஞ்சாகவே இருந்தது. 1987-இல் தீர்ப்பான பாம்சன் மோட்டார்ஸ் வழக்கு புது நிசான் கார் பற்றியது. தயாரிப்பின்போது தவறி விழுந்த சீலன்ட் உருண்டை ஒன்று ஆயில் போகும் பாதையை அடைத்துவிட, சுமார் 140 மைலிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. குறை தயாரிப்பிலேயே இருந்தது என்று நீதிபதி ஒத்துக்கொண்டார். ஆனால் டெலிவரி எடுத்து மூன்று வாரம் ஆகிவிட்டதால் வண்டியை ஏற்றுக்கொண்டதாகத்தான் கொள்ள வேண்டும், திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விட்டது, நஷ்டஈடு மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அந்த மூன்று வாரத்தில் வாங்கியவர் சில நாள் நோயில் கிடந்தவர். உள்ளே கிடக்கும் சீலன்ட் உருண்டையை அவர் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? இந்தத் தீர்ப்பைப் பலர் கண்டித்தார்கள். 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே இது இனி பின்பற்றத் தக்கதல்ல என்றது. எவ்வளவு நாளுக்குள் திருப்பலாம் என்று சட்டம் எண்ணிச் சொல்லாததால் வந்த அநியாயம் அது.

1994-இல் தரம் பற்றிய வரி திருத்தப்பட்டது. நியாயமான மனிதர் ஒருவர் விலை, விவரிப்பு, மற்றச் சூழ்நிலைகள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து நிறைவானது என்று கருதும் தரம் வேண்டும். நீடித்து உழைப்பதும் தரத்தில் சேரும் என்பது முதன்முறையாகச் சட்டத்தில் எழுத்தில் ஏறியது. ஜாகுவார் தீர்ப்பு சொன்ன நியாயமான காலம் என்ற யோசனைக்கு இப்போது சட்டத்திலேயே இடம் கிடைத்தது.

இதைப் படித்துப் பழைய கார் வாங்கியவர் எப்போதும் ஜெயிப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. 1997-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பெண் தோற்றார். சுமார் 80,000 மைல் ஓடிய ரெனோ 19 காரை 2,995 பவுண்டுக்கு வாங்கினார். இரண்டு வாரத்திலேயே ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் சத்தம் வர ஆரம்பித்தது. அந்த விலைக்கும் அந்த ஓட்டத்துக்கும் அப்படி ஒரு ஆபத்து இருப்பதுதான் என்றது நீதிமன்றம். எனக்கு இந்தத் தீர்ப்பு உறுத்துகிறது, இரண்டு வாரம் மிகவும் குறைவு. ஆனாலும் அதில் இருக்கும் உண்மையைத் தள்ள முடியாது. ஒன்றரை லட்சம் மைல் ஓடிய வண்டியை மலிவாக வாங்குபவர் புது என்ஜினின் ஆயுளைக் கேட்க முடியாது. வயதும் விலையும் ஓட்டமும் சேர்ந்துதான் எதிர்பார்ப்பின் அளவைத் தீர்மானிக்கின்றன. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய மைல் தாண்டியும் மாற்றாமல் ஓட்டி என்ஜினை உடைத்துக்கொண்டவருக்கும் சட்டம் துணை வராது.

நிரூபண மலையை உடைத்தது ஐரோப்பா. 1999 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட நெறிமுறை, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தலைகாட்டினால், அது கைமாறும்போதே இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. மறுக்க விரும்பினால் விற்றவர் நிரூபிக்கட்டும். பழைய பொருளுக்கும் அதுவே. 2003 மார்ச் கடைசியில் இது பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. டென்னிங் ஒரு வழக்கில் சாட்சியாக ஏற்றுக்கொண்டது இப்போது எல்லா வழக்குக்கும் தொடக்கப் புள்ளி.

அந்த விதி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு வழக்கு சோதித்தது. 2008-இல் ஒரு பெண் ஹாசெட் என்ற கராஜில் பழைய கார் வாங்கினார். நான்கு மாதத்தில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி தீப்பிடித்து முழுவதும் எரிந்துபோனது. நிபுணர் பார்ப்பதற்கு முன்பே எரிந்த கூடு உடைத்து அப்புறப்படுத்தப்பட்டது. ஏன் எரிந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. காரணம் தெரியாமல் பொறுப்பை எப்படி எங்கள் தலையில் போடுவது என்பது கராஜ் தரப்பின் வாதம். 2015 ஜூன் மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறை இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்டது, இந்த இரண்டையும் காட்டினால் போதும். காரணம் என்ன, யாரால் வந்தது என்று வாங்கியவர் நிரூபிக்கத் தேவையில்லை. பழைய விதியில் அந்தப் பெண்ணுக்கு வழக்கே இருந்திருக்காது.

அதே 2015 அக்டோபர் 1 முதல் பிரிட்டனின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. நிசான்காரருக்கு நடந்த அநியாயம் மறுபடி நடக்காதபடி முப்பது நாள் என்று எண்ணியே எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த முப்பது நாளுக்குள் முழுப் பணம் கேட்பவருக்கு ஆறு மாத அனுமானம் துணை வராது, குறை அன்றே இருந்ததை அவர்தான் காட்ட வேண்டும். இது பலருக்குத் தெரியாத நுணுக்கம். முப்பது நாள் தாண்டினால் ரிப்பேர் செய்யவோ மாற்றித் தரவோ டீலருக்கு ஒரு வாய்ப்பு. அதுவும் தோற்றால் வண்டியைத் திருப்பலாம். கார் மட்டும் விதிவிலக்கு: வேறு பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பினால் உபயோகித்ததற்காகப் பணத்தைக் குறைக்க முடியாது, காருக்குக் குறைக்கலாம். விற்கும்போதே சுட்டிக்காட்டிய குறைக்கு உரிமை கோர முடியாது, 1965 கிளட்ச் வழக்கின் நியாயம் அப்படியே நிற்கிறது. தனி மனிதரிடம் வாங்கினாலும் இந்த உரிமைகள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2022 முதல் ஆறு மாதத்தை ஒரு வருடமாக நீட்டிவிட்டது.

சால்மர்ஸின் வரிகள் போன இடங்களில் எல்லாம் கதை ஒரே வேகத்தில் நகரவில்லை. ஆங்கிலச் சட்டத்தையே அடிப்படையாக வைத்திருக்கும் சிங்கப்பூர் 2012 செப்டம்பரில் ஆறு மாத அனுமானத்தைச் சேர்த்துக்கொண்டது, பழைய காரும் அதில் அடங்கும். இந்தியாவில் 1930 சட்டத்தின் 16-ஆம் பிரிவு இன்றும் 1893-இன் வார்த்தைகளிலேயே இருக்கிறது. பேசி விலக்கிக்கொள்ளலாம் என்ற பழைய 55-ஆம் பிரிவும் 62-ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்க்க வழி கொடுத்தது. ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். குறையை எளிதில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஆணையம் பொருளை ஆய்வுக்கு அனுப்பலாம், இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். அனுமானம் மட்டும் இல்லை. என்ஜின் விற்ற அன்றே தேய்ந்திருந்தது என்பதைக் காட்டும் வேலை இன்றும் வாங்கியவருடையது. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதிகள், பழைய வண்டி டீலர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்றன. அவை ஆர்.சி. யார் பெயரில், வண்டி யார் பொறுப்பில் என்பதைச் சரிசெய்கின்றன. என்ஜினைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நம் ஊரில் பழைய கார் பெரும்பாலும் ஆட்டோ கன்சல்டிங் கடையிலோ புரோக்கர் வழியாகவோதான் கை மாறுகிறது. பார்த்து எடுத்துக்குங்கண்ணே, அப்புறம் நாங்க பொறுப்பில்ல என்று வாயாலும் சொல்வார்கள், தாளிலும் எழுதி வாங்குவார்கள். ஆகவே இப்போதைக்கு வாங்குபவர் சான்றுகளைத் தானே சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்டு வாங்குவது, தன் சொந்த மெக்கானிக்கை வைத்துக் கம்ப்ரஷனும் ஆயில் பிரஷரும் பார்த்து எழுதி வாங்குவது, மீட்டர் அளவையும் டீலர் சொன்ன உறுதிகளையும் ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ பதிய வைப்பது. புரோக்கர் வழியாக வாங்கினால் உண்மையில் விற்பவர் யார், கடையா தனி மனிதரா என்பதைத் தாளில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், பொறுப்பு யார் மீது என்பது அதைப் பொறுத்தது. வண்டி நின்றுபோனால் அங்கேயே பிரித்துப் போடாமல், டீலருக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் ஆளும் இருக்கும்போது பிரிக்கச் செய்ய வேண்டும். கழற்றிய பேரிங்கையும் பிஸ்டனையும் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவரிடம் இருக்கும் வரை, அந்தத் தேய்ந்த உலோகம்தான் அவருடைய சாட்சி.

இத்தனை பேர் இத்தனை வேலை செய்வதற்குப் பதிலாக நம் பாராளுமன்றம் செய்ய வேண்டியது இரண்டே திருத்தம். தொழிலாக விற்பவரிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் யாருக்கும் 62-ஆம் பிரிவு பொருந்தாது என்று ஒரு வரி. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னொரு வரி.